கோட்டையிலிருந்து அறிவித்தல்

பயணிகளின் மேலான கவனத்திற்கு.
இப்படித்தான் தொடங்குவேன், பதினொரு வருடமாக.
சிங்களம் முடிந்து, ஆங்கிலத்துக்கு முன்,
நடுவில் எனக்கு முப்பது விநாடி.
அதற்குள் வடக்கு, கிழக்கு, மலை
மூன்று பக்கத்துச் சனத்தையும் ஏற்றி இறக்கிவிட வேண்டும்.

இன்று விடியுமுன்பே மழை
கூரைத் தகட்டில்
எனக்கு முன்னால் பேசத் தொடங்கிவிட்டது.

கட்டுப்பாட்டறைத் துண்டு நனைந்து வந்தது.
ஐந்து ஐம்பத்தைந்து பதுளை, ரத்து.
யாழ்தேவி, ரத்து.
மட்டக்களப்பு இரவு வண்டி
வெலிக்கந்தைக்கு அப்பால் எங்கோ
தண்ணீருக்கு நடுவே நிற்கிறதாம்.
கரையோரப் பாதையில்
கடல் வெள்ளவத்தையில் ஏறித்
தெஹிவளையில் இறங்கிக்கொண்டிருக்கிறது,
பயணச்சீட்டு இல்லாமல்.

வராத வண்டிகளைச் சொல்ல
என்னிடம் இரண்டே சொல்.
தாமதம் என்றால் சனம்
பையைத் தலைக்கு வைத்துப் படுக்கும்.
ரத்து என்றால் எழுந்து நிற்கும்,
நின்று என்ன செய்வதென்று தெரியாமல்
ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கும்.

மண்சரிவுக்கு என் தாளில் இடமில்லை.
"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று வாசிக்கிறேன்.
கன்ரீன் நிப்ராஸ் போனில் காட்டுகிறான்:
வட்டவளைக்குக் கீழே தண்டவாளம் அந்தரத்தில்,
அடியில் மண் இல்லை,
இரண்டு இரும்பும் குறுக்குக் கட்டைகளும் மட்டும்,
யாரோ ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு
மறந்துபோன மாதிரி.
அதுதான் காரணம்.

பத்து மணிபோல ஒருவன் கண்ணாடியைத் தட்டினான்.
புறக்கோட்டையில் புடவைக் கட்டுத் தூக்குபவன்,
பெயர் மருதமுத்து.
கையில் புதுச் சோற்றுக் குக்கர், பெட்டியோடு.
"அக்கா, அந்தக் கொரலு நீங்கதானா?"
நான்தான்.
"ராத்திரி மெயில்ல பொண்டாட்டி ஏறுனிச்சு, கொட்டகலையில.
போன் போவல.
வட்டவளைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா,
அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரிவது துண்டில் இருப்பது மட்டும்.
துண்டில் அவள் இல்லை.

ஊர்ப் போன்கள் எல்லாம் செத்த பிறகும்
நிலையத்துக்கு நிலையம் இழுத்த பழைய கம்பி ஒன்று
உயிரோடு இருந்தது.
சுற்றிச் சுற்றிக் கடைசியில் கலபொட எடுத்தது.
மெயில் அங்கேதான் நிற்கிறது.
இந்தப் பக்கம்.
சனம் மேடையில், தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள்.
பெயர் கேட்டேன்.
அந்த நிலைய அதிபர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்,
யாரும் கேட்காமலே.

அவர் சிங்களத்தில் வாசிக்க
நான் தமிழில் எழுதினேன்.
மழையும் கம்பிக்குள் இருந்தது.
பதினேழாவது பெயரில் அறுந்தது.

முப்பது விநாடி நாலு நிமிடம் ஆகியது.
ஆங்கிலத்துக்குக் காத்திருந்த மிஸ் கெலார்ட்
மணிக்கூட்டைப் பார்க்கவில்லை,
தன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொரு பெயருக்கும் கீழே எங்கோ
ஒரு சத்தம் எழுந்தது,
சில பெயர்களுக்கு எழவில்லை.
மேலதிகாரி கதவைத் திறந்தார், நின்றார்,
திரும்ப மூடினார்.
நாளைக்கு விளக்கம் கேட்பார். கேட்கட்டும்.

பதினான்காவது பெயர்
'பலராணி' என்று காதில் விழுந்தது.
அப்படி ஒரு பெயர் நான் அறியேன்.
பாலராணி என்று ஒருதரம் வாசித்தேன்.
பவளராணி என்று இன்னொருதரம்.

கண்ணாடிக்கு அப்பால் மருதமுத்து
ஒரு விரலைத் தூக்கினான்.
எதற்கு என்று கேட்கப் போனேன்.
"ரெண்டாவதா சொன்னது," என்றான்.
"இருக்கலாம்."
பிறகு, "கொழந்த பேரு வரலியா?"
பிள்ளைகளின் பெயர் அந்தக் கொப்பியில்
தனிப் பக்கமாக இருந்திருக்கும் என்றேன்.
அது எனக்குத் தெரியாது.

பகல் ஒரு மணிக்கும் மழை விடவில்லை.
மலைநாட்டு வண்டிகள் யாவும்
மறு அறிவித்தல் வரை ரத்து என்று,
மூன்று மொழியிலும், தெளிவாக, இரண்டு தரம் சொன்னோம்.
மூன்றாம் மேடை எழுந்து கலைந்தது.

அவன் மட்டும்
தூணோரம் ஈரமில்லாத இடம் பார்த்து
குக்கர் பெட்டியைத் தலைக்கு வைத்துப்
படுத்தான்.